நாகர்கோவில் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? நகரங்களுக்கு டிஜிட்டல் மதிப்பெண் போடும் முறை

ஸ்மார்ட் சிட்டி தரவரிசை, டிஜிட்டல் நகரங்கள் என்று ஏதாவது ஒரு பட்டியல் செய்தியில் வரும்போதெல்லாம் குமரி மாவட்டத்தில் இரண்டு கேள்விகள் எழும். பக்கத்திலிருக்கும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஸ்மார்ட் சிட்டி என்கிறார்கள், நாகர்கோவில் ஏன் இல்லை? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது, டீக்கடை வரைக்கும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அப்படியிருந்தும் நாம் பின்தங்கியவர்களா?

இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர் யாரை எண்ணுகிறார், எந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார் என்று பார்த்தால் போதும். அதற்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. குறிகாட்டி: அளந்து எண்ணாகச் சொல்லக்கூடிய ஒரு தனித் தகவல். நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் இணையம் இருக்கிறது என்பது ஒரு குறிகாட்டி. தெருவிளக்குகளில் எத்தனை சதவீதம் தொலைவிலிருந்து இயக்கப்படுகின்றன என்பது இன்னொன்று.

2. குறியீட்டெண்: பல குறிகாட்டிகளைச் சேர்த்துப் பிசைந்து ஒரே எண்ணாக ஆக்கியது. செய்தியில் வருவது பெரும்பாலும் இதுதான்.

3. எடை: அந்த ஒரே எண்ணில் ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எவ்வளவு பங்கு என்பது. இதை அளவைக் கருவி சொல்வதில்லை; உட்கார்ந்து முடிவு செய்வது மனிதர்கள்.

4. தரவரிசை: யாருக்கு முன்னால் யார் என்பது மட்டும். பத்தாவது ஊருக்கும் பதினொன்றாவது ஊருக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், மலையளவும் இருக்கலாம். தரவரிசை அதைக் காட்டாது.

‘டிஜிட்டல் நகரம்’, ‘ஸ்மார்ட் சிட்டி’ என்ற இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். ஸ்மார்ட் சிட்டி என்பது இந்தியாவில் 2015 ஜூன் 25 அன்று தொடங்கி 2025 மார்ச் 31-ல் முடிந்த ஒரு மத்திய அரசுத் திட்டத்தின் பெயர். சாலை, குளம், பேருந்து நிலையம், சந்தை எல்லாம் அதில் அடங்கும். டிஜிட்டல் முன்னேற்றம் அதில் ஒரு பகுதி. ஆகவே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் ஓர் ஊர் இல்லை என்பதற்கு அந்த ஊர் டிஜிட்டலில் பின்தங்கியது என்று பொருள் கிடையாது.

யார் அளக்கிறார்கள், எப்படி?

உலக அளவில் அடிக்கடி அடிபடும் அளவீடுகள் மூன்று. மூன்றும் மூன்று விதமாக அளக்கின்றன.

1. மக்களிடம் கேட்பது. சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி மேலாண்மைக் கல்வி நிறுவனம் 2019 முதல் வெளியிட்டு வரும் ஸ்மார்ட் சிட்டி குறியீட்டெண் இந்த வகை. ஒரு நகரத்தில் ஏறக்குறைய 120 பேரிடம் கேள்வி கேட்கிறார்கள். சான்றிதழ்களை இணையத்தில் வாங்குவதால் காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறதா, மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்வது எளிதாகியிருக்கிறதா என்பது போன்ற கேள்விகள். இந்த முறையின் பலம், பயன்படுத்துகிறவரின் அனுபவத்தைக் கேட்பது. பலவீனம், எண்ணிக்கை. 120 பேரை வைத்துச் சொல்லும் சதவீதத்தில் ஏறத்தாழ 9 புள்ளி மேலேயோ கீழேயோ தவறு வரலாம் என்பது புள்ளியியல் கணக்கு. மூன்று ஆண்டு விடைகளைச் சேர்த்துப் பார்ப்பதால் அந்தத் தவறு ஓரளவு குறைகிறது. அப்படியும் ஒரு நகரம் ஒரே ஆண்டில் நாலு படி ஏறியது, இறங்கியது என்று தலைப்புச் செய்தி போடும் அளவுக்கு அது நுட்பமான அளவுகோல் அல்ல.

2. வசதிகளை எண்ணுவது. ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய யு4எஸ்எஸ்சி என்ற முறையில் 91 குறிகாட்டிகள் உள்ளன. வீட்டு இணையம், அகண்ட அலைவரிசை இணைப்பு, ஸ்மார்ட் மின்மீட்டர், ஸ்மார்ட் குடிநீர் மீட்டர், இணையத்தில் கிடைக்கும் அரசு சேவைகள், பொதுவில் வைத்த தரவுத் தொகுப்புகள் என்று வரிசையாகப் போகும். ஸ்மார்ட் சிட்டிகளுக்காக 2019-ல் வந்த ஐஎஸ்ஓ 37122 என்ற சர்வதேசத் தரநிலையும் இதே போக்கில் உள்ளதுதான். எண்ணுவது எளிது, சரிபார்க்கவும் முடியும். ஆனால் மீட்டர் பொருத்தியாயிற்றா என்று மட்டும் கேட்கும். அந்த மீட்டரால் வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்காது.

3. இணையதளத்தைச் சோதிப்பது. ஐ.நா. மின் ஆளுமை ஆய்வின் ஒரு பகுதியாக 2018-ல் 40 நகரங்களோடு தொடங்கி, 2022-ல் 193 நகரங்களுக்கு விரிந்த உள்ளூர் இணையச் சேவைக் குறியீட்டெண் இந்த வகை. ஒவ்வொரு நாட்டிலும் மக்கள்தொகை மிகுந்த ஒரு நகரத்தை எடுத்து, அதன் மாநகராட்சித் தளத்தில் எதெல்லாம் செய்ய முடிகிறது என்று பார்க்கிறார்கள். நாட்டுக்கு ஒரு நகரம்தான் என்பதால் இங்கே நம் ஊருக்கு இடமே கிடையாது.

இந்தியாவில் வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2020-ம் ஆண்டுக்கு வெளியிட்ட வாழ்வுச் சுலபக் குறியீட்டெண் 111 நகரங்களை அளந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இருந்த ஊர்கள், அவற்றோடு பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர்கள், இவைதான் அந்த 111. நாகர்கோவில் இரண்டிலும் சேராது. தேர்வு எழுதவே அழைக்கப்படாத மாணவரைத் தோற்றவர் என்று சொல்ல முடியாது அல்லவா? நாகர்கோவிலின் நிலை அதுதான்.

ஓர் எண் எப்படிப் புரள்கிறது

குறியீட்டெண்ணை நம்புவதற்கு முன் அதன் சமையலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இது கற்பனைக் கணக்கு. அ, ஆ என்று இரண்டு ஊர்கள். இணைப்பு, சேவை, பயன்பாடு என்று மூன்று பாடங்கள்.

அ ஊரின் மதிப்பெண்: இணைப்பு 90, சேவை 80, பயன்பாடு 40.
ஆ ஊரின் மதிப்பெண்: இணைப்பு 60, சேவை 60, பயன்பாடு 75.

மூன்றுக்கும் சம எடை கொடுத்தால் அ ஊருக்கு 70, ஆ ஊருக்கு 65. அ முதலிடம். இப்போது பயன்பாட்டுக்குப் பாதி எடை, மற்ற இரண்டுக்கும் கால்வாசி என்று மாற்றிப் போடுவோம். அ ஊருக்கு 62.5, ஆ ஊருக்கு 67.5. ஆ முதலிடம். இரண்டு ஊரிலும் ஒரு கம்பி கூடப் புதிதாக இழுக்கவில்லை, வரிசை தலைகீழாகிவிட்டது.

கூட்டுச் சராசரிக்குப் பதிலாகப் பெருக்குச் சராசரி எடுக்கும் முறையும் உண்டு. மூன்று எண்களையும் பெருக்கிக் கனமூலம் காண்பது. அப்படிச் செய்தால் அ ஊருக்கு 66, ஆ ஊருக்கு 64.6. ஐந்து புள்ளி இடைவெளி ஒன்றரைக்கும் கீழே வந்துவிடுகிறது. காரணம், பெருக்குச் சராசரியில் ஒரு பாடத்தில் வாங்கிய அதிக மதிப்பெண்ணைக் காட்டி இன்னொரு பாடத்தின் குறையை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது. ஐ.நா.வின் மனிதவளர்ச்சிக் குறியீட்டெண் 2010-ல் இந்த முறைக்கு மாறியதும் இதற்காகத்தான். நகரங்களை அளப்பவர்களும் இதையே பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து. கோபுரம் கோபுரமாக அலைவரிசை இருந்தும் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை என்றால், அந்தக் குறை எண்ணில் தெரிந்தே ஆக வேண்டும்.

குமரியில் நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

இங்கேதான் நம் மாவட்டத்தின் தனிச் சிக்கல் வருகிறது. எல்லா அளவீடும் ‘நகரம்’ என்ற ஓர் அலகை எடுத்துக்கொள்கிறது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை பேருந்தில் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் ஊர் முடிந்து கிராமம் தொடங்குகிறது? வீடு, கடை, பள்ளி, தேவாலயம், கோயில், மறுபடி வீடு. 1,684 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்குப்படி 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாவட்ட மக்களில் 82 சதவீதத்துக்கும் மேல் நகர்ப்புறத்தவர் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

82 சதவீதம் என்றதும் பெருநகரம் கண்ணில் வரக் கூடாது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட எல்லாமே கணக்கெடுப்பில் நகரம்தான். குமரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள். நாகர்கோவிலே 2019-ல்தான் மாநகராட்சி ஆனது. ஆக, இங்கே நகர்ப்புறத்து ஆள் என்றால் பெரும்பாலும் பேரூராட்சிக்காரர். ரப்பர் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே வீடு கட்டியிருப்பவர்.

இதனால் என்ன விளைவு?

1. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் எந்த மாநிலத்துக்கு எத்தனை நகரம் என்று பிரித்தபோது, மாநிலத்தின் நகர்ப்புற மக்கள்தொகைக்குப் பாதி எடை, அங்குள்ள சட்டப்படியான நகரங்களின் எண்ணிக்கைக்குப் பாதி எடை கொடுத்தார்கள். அதாவது குமரியின் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் தமிழ்நாட்டின் எண்ணிக்கையில் சேர்ந்தன. கடைசியில் சென்னை, கோவை, மதுரை, தஞ்சாவூர், சேலம், வேலூர், திருநெல்வேலி, திருப்பூர், தூத்துக்குடி, திருச்சி, ஈரோடு என 11 ஊர்கள் திட்டத்துக்குள் வந்தன. எண்ணும்போது குமரி உண்டு, திட்டத்துக்குள் குமரியிலிருந்து ஓர் ஊரும் இல்லை. யாருடைய சதியும் இல்லை. சிறு ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் மாவட்டத்துக்கு அந்த அளவுகோலில் இடமே கிடையாது, அவ்வளவுதான்.

2. மறுபக்கம், கண்ணாடி இழை இணைப்பை ஊருக்குள் கொண்டுவரும் பாரத்நெட் கிராம ஊராட்சியை அலகாக வைத்துப் போடப்பட்ட திட்டம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் என்று கணக்கு. அதில் குமரிக்கு 95. நகரத் திட்டத்துக்குச் சிறிது, கிராமத் திட்டத்துக்குள் வராதது என்று பேரூராட்சி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நாகர்கோவிலை மட்டும் தனியாக அளந்து ஒரு மதிப்பெண் போட்டாலும், அது மாவட்டத்தில் எட்டில் ஒருவரைப் பற்றித்தான் பேசும். குமரிக்குச் சரியான அலகு முழு மாவட்டம்: பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு முதல் தூத்தூர்க் கடற்கரை வரை.

இருக்கிறதா, தொடுகிறார்களா, முடிகிறதா?

அலகை அடுத்து வருவது, எண்ணுவதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. எந்த டிஜிட்டல் சேவைக்கும் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, வசதி இருக்கிறதா. இதை அளப்பது எளிது, எல்லோரும் அளக்கிறார்கள்.

இரண்டாவது, மக்கள் அதைத் தாங்களே பயன்படுத்துகிறார்களா. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். ஒரே வீட்டில் ஒரே இணைப்பு இருந்தும் இந்த இடைவெளி. வீட்டை எண்ணினால் இது மறைந்துபோகும், ஆளை எண்ணினால்தான் வெளியே வரும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் இதைத்தான் செய்தது. வீடு வீடாகப் போய், டிஜிட்டல் கருவி தெரியாதவர் யார் என்று ஆளாகக் கணக்கெடுத்து, சுமார் 22 லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்து, 2025 ஆகஸ்ட்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவை அறிவித்தது. அந்தப் பயிற்சி எவ்வளவு நாள் நிலைக்கும் என்பது வேறு விவாதம். ஆனால் ஆளை எண்ணுவது நடக்கிற காரியம்தான் என்பதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது, போன வேலை முடிகிறதா. இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் அளப்பதில்லை.

ஓர் உதாரணம். கடற்கரை ஊரில் ஒரு பெண், பிள்ளையின் உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். சேவை இணையத்தில் இருக்கிறது. இ-சேவை மையமும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. போய் உட்கார்ந்தால், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்கள் என்கிறார்கள். அந்த எண் கணவருடையது. கணவர் விசைப்படகில் ஆழ்கடலில் இருக்கிறார். கரை திரும்ப மூன்று வாரம் ஆகும். அவர் வளைகுடா நாட்டில் இருந்தாலும் இங்குள்ள சிம் அணைந்துதான் கிடக்கும். அந்தப் பெண் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புகிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வசதி உண்டா? உண்டு, மதிப்பெண் விழுந்துவிட்டது. வந்த விண்ணப்பங்களில் எத்தனை சதவீதம் முடிக்கப்பட்டது? அதிலும் நல்ல எண்தான் வரும், ஏனென்றால் அந்தப் பெண்ணின் விண்ணப்பம் உள்ளே நுழையவே இல்லை. நிராகரிக்கப்பட்டவர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. இப்படித் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள். நல்ல அளவுகோல் என்றால் அது முதலில் இவர்களைத்தான் எண்ண வேண்டும்.

நில ஆவணத்திலும் இதே கதைதான், வேறு வடிவில். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கம் பல குடும்பங்களின் பழைய பத்திரங்கள் மலையாளக் கையெழுத்தில் இருப்பவை. அவற்றைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினால் ‘ஆவணம் டிஜிட்டல் ஆயிற்று’ என்று குறிகாட்டி நிறைந்துவிடும். பாகப்பிரிவினைக்கு உட்காரும்போது அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடித்தான் போக வேண்டும். படமாக ஏற்றுவது வேறு, தேடினால் கிடைக்கும்படி, படித்தால் புரியும்படி ஏற்றுவது வேறு.

கரையோடு நின்றுவிடும் வரைபடம்

நகரங்களின் இணைப்பை அளக்கும்போது காட்டப்படும் அலைவரிசை வரைபடம் கடற்கரையோடு முடிந்துவிடும். குமரியில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை செய்யும் இடமே அந்தக் கோட்டுக்கு அப்பால்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்களின் மீனவர்கள் நூறு கடல் மைலுக்கும் அப்பால் போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். கைபேசி அலைவரிசை கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே அறுந்துவிடும். படகில் உள்ள வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது இதன் விலை தெரிந்தது. பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டு ஆழ்கடலில் நின்ற படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை. கரையில் எல்லார் கையிலும் போன் இருந்தது. எந்தக் குறியீட்டெண்ணிலும் அது நல்ல மதிப்பெண்தான். வேண்டிய ஒரே ஒரு செய்தி வேண்டிய ஆளிடம் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பின் வழியாக வரும் வானிலை எச்சரிக்கையை வாங்கி மீனவரின் கைபேசிக்குக் கொடுக்கும். ஆனால் அது ஒருவழிப் பாதை. கடலிலிருந்து பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 30-ல் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தகவல் தரும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. குமரியின் டிஜிட்டல் முன்னேற்றத்தை ஒரே ஒரு குறிகாட்டியால் அளக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்: ஆழ்கடலுக்குப் போகும் நூறு படகில் எத்தனைக்கு, எச்சரிக்கை வெளியான ஒரு மணி நேரத்துக்குள் செய்தி கிடைத்து, ‘கிடைத்தது’ என்ற பதிலும் கரைக்கு வருகிறது?

மலைப்பக்கத்துக்கும் இதே கேள்வியை மாற்றிப் போடலாம். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் போய்ச் சேரும் காணிக் குடியிருப்புகளில், ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் 108-க்குப் பேச எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது? மாவட்டச் சராசரியில் சில நூறு வீடுகள் தசமப் புள்ளியாகக் கூடத் தெரியாது. அதனால் இப்படிப்பட்ட இடங்களில் சராசரியைப் பார்க்காமல், கடைசியில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்றே பார்க்க வேண்டும்.

மதிப்பெண் வந்தபின் என்ன நடக்கும்?

மதிப்பெண் வெறும் பெருமைக்கானது என்று விட்டுவிட முடியாது. அடுத்த திட்டத்துக்கு ஊர்களைத் தேர்வு செய்யும்போது பழைய பட்டியலே அடிப்படையாகிறது. பட்டியலில் இல்லாத ஊருக்குத் தரவும் இல்லை, தரவில்லாத ஊர் அடுத்த பட்டியலிலும் வராது. இன்னொன்று, எதை அளக்கிறார்களோ அதைக் கூட்டிக் காட்டும் ஆசை வந்துவிடும். இணையச் சேவைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால், ஒரே படிவத்தை மூன்று சேவையாகப் பிரித்தால் எண் ஏறிவிடும். அளவுகோலே இலக்காகிவிட்டால் அது அளவுகோலாக இருக்காது என்று 1975-ல் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்ன கருத்து இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

பட்டியலைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

1. எத்தனை ஊர்கள் போட்டியில் இருந்தன, எந்த அடிப்படையில் சேர்த்தார்கள்?
2. எண்ணியது வீட்டையா, ஆளையா, சிம் அட்டையையா? ஒரே ஆளிடம் இரண்டு சிம் இருப்பது சாதாரணம்.
3. எடைகளை வெளியிட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த வரிசைக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.
4. கருத்துக் கேட்டது எத்தனை பேரிடம்? எந்த மொழியில், எந்த வழியில்? இணையம் வழியாக மட்டும் கேட்டிருந்தால் இணையம் இல்லாதவர் அதில் இருக்க வாய்ப்பே இல்லை.
5. எண்ணுவது வசதியோடு நின்றதா, வேலை முடிவது வரை போனதா?

ஐந்தாவதற்கான தரவு நம் ஊரிலேயே கிடைக்கும். சான்றிதழோ பட்டா மாறுதலோ, இணைய விண்ணப்பம் எதற்கும் போட்ட தேதி, முடித்த தேதி, திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கான காரணம் எல்லாம் அமைப்பிலேயே பதிவாகும். வட்டம் வாரியாக, சேவை வாரியாகச் சராசரி நாட்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார் ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பட்டியலும் சொல்லாதது தெரியும்.

எந்தத் தரவிலும் கிடைக்காதது, ஓடிபி வராமல் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை. அதற்கு இ-சேவை மைய மேசையில் ஒரு நோட்டு போதும்: தேதி, எந்தச் சேவை, எதனால் முடியவில்லை. பெயர் கூட வேண்டாம். நவம்பர் 1 குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாள். மாநிலம் முழுவதும் உள்ளாட்சி நாளாகக் கிராம சபை கூடுவதும் அன்றுதான். அந்தக் கூட்டத்தில் வைக்கலாம், அந்த நோட்டின் ஓராண்டுக் கணக்கை.